சீனி போடாத பணிஸ்

பேக்கரியின் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நான் நின்ற அந்தக் காலை இன்னும் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. மேல்தட்டில் முதலை போல நீண்ட கிம்புலா பணிஸ்கள் முதுகு முழுக்கச் சீனி மினுங்க வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அதற்குக் கீழே பட்டர் கேக், ஜாம் வைத்துச் சுருட்டிய கேக், கிறீம் பணிஸ். அடித்தட்டில் மீன் பணிஸும் றோலும். ஒரு மூலையில் ரஸ்க். அதைப் பார்த்த மாத்திரத்திலேயே பல் பிடுங்கிய முரசு நொந்தது. ஒவ்வொன்றையும் பார்த்து மனதுக்குள் இரண்டு கேள்வி கேட்டேன். நீ மெத்தென்று இருக்கிறாயா? உன்னில் சீனி இல்லையா? இரண்டுக்கும் ஓம் என்று சொல்லக்கூடிய ஒன்றும் அந்த அலுமாரிக்குள் இருக்கவில்லை.

அலுமாரிக்குப் பின்னால் நின்றவர் பேக்கரி நானா. எங்கள் ஊர் பேசாலை. ஊர் முடிந்து மன்னார்ப் பக்கம் போகும் பெரிய றோட்டோரத்தில் அவருடைய பேக்கரி இருந்தது. அவருடைய வாப்பா நடத்திய இடம். சண்டையில் ஊர் கலைந்து அவர்கள் புத்தளத்துக்கும் நாங்கள் வள்ளம் ஏறி இந்தியாவுக்கும் போன காலத்தில் கூரை விழுந்து, பாண் சுடும் போறணைக்குள் எருக்கலை முளைத்துக் கிடந்தது. திரும்பி வந்து அந்த எருக்கலையைப் பிடுங்கிவிட்டு அதே போறணையில்தான் அவர் நெருப்பு மூட்டினார். வயதில் எனக்கு இளையவர். ஆனால் ஊரே நானா, அதாவது அண்ணன், என்றதால் நானும் நானா என்றேன். அவர் என்னை அக்கா என்றார். ஆளை ஆள் மூத்தவராக்கிக்கொண்ட உறவு எங்களுடையது.

என்னுடைய பற்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவை இலேசான பற்கள் அல்ல. நண்டுக் காலை உடைத்த பற்கள். காய்ந்த கட்டாக் கருவாட்டைச் சுடாமலே மென்ற பற்கள். வலை பொத்தும்போது நைலோன் நூலை அறுக்க ஒருநாளும் நான் கத்தி தேடியதில்லை. பல்லு டொக்குத்தர் இளம் பிள்ளை. வாய்க்குள் லைற் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைப் பல்லாப் பாவிக்கேல்ல, குறடாப் பாவிச்சிருக்கிறீங்கள்" என்று சொல்லிச் சிரித்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குள் கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடிக்கொண்டதால் இனித் தள்ளிப்போட முடியவில்லை. மேல்வரிசையில் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் எடுத்துத் தையல் போட்டார்கள். முரசு ஆறி இறுகிய பிறகுதான் பல் செற் கட்டலாம், அது இயேசு உயிர்த்த பாஸ்காத் திருநாள் கழியத்தான் என்றார்கள். அதுவரைக்கும் சூடு கூடாது, உறைப்புக் கூடாது, மெத்தென்ற சாப்பாடு மட்டும்.

பாஸ்கா கழியத்தான் என்ற சொல்லில்தான் எனக்கு நெஞ்சு விழுந்தது. எங்கள் ஊரில் தவக்காலம் வந்தால் பசாம் பாடுவார்கள். இயேசு சுவாமி பட்ட பாடுகளைப் புலம்பலாகப் பாடுவது அது. பாஸ்காவுக்கு முந்தின பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம், சிலுவையடியில் நின்று மாதா அழுகின்ற பகுதி என்னுடையது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்தப் புலம்பலை அம்மாவின் வாயிலிருந்து காதால் வாங்கினேன். மண்டபம் அகதி முகாமில் ஓலைக் கொட்டில் கோயிலிலும் விடாமல் பாடினேன். என்னைவிட நன்றாகப் பாடக்கூடியவள் இந்த மன்னார்த் தீவில் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பல் எடுத்து வந்த அன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று முதல் அடியை மெல்லப் பாடிப் பார்த்தபோது, சொல்லுக்குப் பதில் காற்றுத்தான் வந்தது. மேல் உதடு உள்ளே போய் யாரோ வேறு கிழவி நின்றாள். அன்று தொடக்கம் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். கோயிலில் பசாமுக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சர், "அன்ரி, இந்த வருசம் உங்களுக்கு இயலாட்டி நான் பாக்கிறன், நீங்கள் யோசியாதேங்கோ" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக விழவில்லை.

சீனிக் கதை இன்னொன்று. என் மகன் ஒருமுறை கடலில் இயந்திரம் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, ஊரே கைவிட்ட பிறகு உயிரோடு வந்தான். அந்த வருடம் தொடக்கம் தவக்காலம் முழுக்க நான் சீனி தொடுவதில்லை. மருமகள் நல்ல பிள்ளை. கிறீம் பணிஸ் வாங்கிவந்து முன்னால் வைத்தாள்.

"மாமி, வயசு போனவைக்கும் வருத்தக்காரருக்கும் ஒறுத்தல் இல்லையெண்டு சுவாமியே பூசையில சொன்னவர்."

"எனக்கு எங்கயடி வயசு போனது? பல்லுத்தான் போனது."

சொல்லிவிட்டேனே தவிர, வேறு என்னத்தைத் தின்பது? கஞ்சி குடித்தால் குருணல் போய்ப் பல் இருந்த குழிக்குள் குடியிருந்து இரவெல்லாம் குத்தியது. சீனியில்லாத தேத்தண்ணீரில் பாணை ஊறவைத்தால் சுவருக்குப் பூசும் சாந்து மாதிரி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பாதித் தலத்திலேயே தலை சுற்றி வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். இப்படியே போனால் பெரிய வெள்ளிக்குப் பாடுவது கிடக்கட்டும், நிற்கவே மாட்டேன் என்று விளங்கியது. அடுத்த நாள் காலைதான் அந்தக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னத்த அக்கா தேடுறீங்க? மீனுக்கு விலை பேசுற மாதிரி நிக்கிறீங்க" என்றார் நானா.

தலைப்பை எடுக்காமலே விஷயத்தைச் சொன்னேன். அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அவரும் உதடு காய்ந்துதான் நின்றார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"சீனி இல்லாம பணிஸ் பொங்கச் சுணங்கும். ஆனா நேரம் குடுத்தாப் பொங்கும். நாளைக்குப் பின்னேரம் வாங்க."

தேங்காய்ப்பாலில் மாவைப் பிசைந்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டும்படி நெருக்கி அடுக்கி, போறணையால் எடுத்த கையோடு ஈரத்துணியால் மூடிவைத்திருந்தார். மேல்தோல் குழந்தையின் கன்னம் போல இருந்தது. ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தேன். முரசாலேயே மெல்லலாம் போல அவ்வளவு மெத்து. ஆனால் உப்பு! கடல்தண்ணீரில் பிசைந்ததோ என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், நெருப்பு வெக்கையில் நின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் படாத வாயோடு அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முழுவதையும் தின்றேன். நல்லாயிருக்கு நானா என்றேன். மிச்சத்தைச் சுற்றித் தந்தார், கொண்டுபோனேன்.

அன்று நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் வேலிப் படலையில் மோட்டச் சைக்கிள் சத்தம். தொப்பியோடு நானா நிற்கிறார்.

"அக்கா, ஏன் சொல்லேல்ல? நான் இப்பதான் ஒண்டக் கடிச்சன். உப்பளத்த நக்கின மாதிரி இருக்கு! வேலைக்கு நிக்கிற பெடியன் போட்ட உப்புக்கு மேல நானும் போட்டிருக்கன்."

"நோன்பு பிடிச்சுக்கொண்டு நெருப்புக்குள்ள நிண்டு செய்து தந்த சாமானுக்கு நான் குறை சொல்லுறதோ? அதோட, பல்லுப் புடுங்கின வாயை உப்புத் தண்ணியாலதானே கொப்பளிக்கச் சொன்னவை. ரெண்டு வேலையும் ஒண்டா முடிஞ்சுது."

படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே மருமகளும் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகு நான் கேட்டேன், நோன்போடு சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று உங்களில் சொல்வார்கள்தானே என்று.

"ஓம், மௌலவி சொல்லுவார்தான். எனக்கு மனசு கேக்காது அக்கா."

எனக்கு மருமகளைத் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. சுவாமி ஒறுத்தலை விடலாம் என்றும் விடாத நானும், மௌலவி செய்யலாம் என்றதைச் செய்யாத அவரும் படலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றோம். "அப்ப நான் வந்து பாத்துத் தாறன்" என்றேன். "உங்களிட்டப் பல்லு இருக்கு, நாக்குக்கு வழியில்லை. என்னட்ட நாக்கு இருக்கு, பல்லுத்தான் இல்லை. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு வாய்."

அந்த நோன்பு முழுக்க, பின்னேரங்களில் பேக்கரியின் பின்பக்கக் கதிரையில் போய் இருந்தேன். போறணையால் வருகிற முதல் தட்டிலிருந்து ஒரு துண்டு எனக்கு வரும். உப்புப் போதும், உப்புக் காணாது, மீன் கறி உறைக்கிறது என்று சொல்வேன். மீன் கறியை நாக்கில் தொட்டதும் தண்ணீர் குடிப்பேன். எனக்கென்று சீனி போடாத பணிஸ் ஒரு மூலையில் ஈரத்துணியின் கீழ் இருக்கும். அது பிறகு நன்றாகவே வந்தது. தேங்காய்ப்பாலின் இனிப்பு மட்டும் மெல்லிசாகத் தெரியும். அது சீனி அல்ல என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். முகத்தில் இரத்தம் ஊறியது. கால் நிமிர்ந்து நின்றது.

கும்மென்று மா மணக்கும் அந்த அறையில், தட்டு வரும்வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், புலம்பலை முணுமுணுப்பேன். அங்கே யாரும் கேட்க இல்லை என்ற நினைப்பு. ஒருநாள் மா பிசைகிற சத்தம் நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாடி முடித்துத் திரும்பினால், முழங்கை வரைக்கும் மாவோடு நானா கதவு நிலையில் நிற்கிறார். நான் தலைப்பை இழுத்து வாயில் வைத்தேன்.

"எங்கட உம்மா, என்ர தம்பி மௌத்தான அண்டைக்கு இப்பிடித்தான்," என்றார். "ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்ல அக்கா. அழுகை விளங்குது."

சொல்லிவிட்டு மாவுக்குத் திரும்பிப் போனார். வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு வருடமும் சொல் பிசகாமல் பாடுகிறேன் என்றுதான் பெருமைப்பட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொல்லைத் திருத்திக்கொண்டா அழுவாள்? ரீச்சர் வீட்டுப் படலையைத் தட்டி, பெரிய வெள்ளிக்கு நானே பாடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் மறுக்கவில்லை. "நீங்கள் பாடுவீங்கள் எண்டு தெரியும் அன்ரி, நான் பாட்டுத் தாளை இன்னும் எடுத்துக்கூடப் பாக்கேல்ல" என்றார்.

பாடினேன். தொடங்கும்போது தலைப்பு வாயில்தான் இருந்தது. மடியில் மகனைக் கிடத்துகிற இடம் வந்தபோது, எனக்குக் கடல்கரையில் என் மகனைத் தேடி நின்ற நாள் வந்தது. இரண்டு கையும் தாமாக விரிந்தன, தலைப்பு எங்கே போனதென்று தெரியாது. காற்றும் சொல்லும் கலந்துதான் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வாங்கில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். பிறகு நானா சொன்னார், பாண் போட்டுவிட்டுப் போகிற வழியில் கோயில் லவுட்ஸ்பீக்கரில் என் குரல் கேட்டு மோட்டச் சைக்கிளை நிறுத்தினாராம். "நோன்பு திறக்கப் பாங்கு சொல்லியும் பேரீச்சம்பழத்தக் கையில வச்சுக்கொண்டே நிண்டுட்டன் அக்கா." பாஸ்கா அன்று விடிய ஒரு பெட்டி கிம்புலா பணிஸ் வந்தது. சீனியைத் தேத்தண்ணீரில் கரைத்துக் கரைத்து, ஒன்றை முழுவதும் தின்றேன்.

அதெல்லாம் நடந்து காலம் போய்விட்டது. நானா முழங்கால் இயலாமல் புத்தளத்தில் மகளோடு போய் இருக்கிறார். பேக்கரியை மற்ற மகளின் மாப்பிள்ளை நடத்துகிறான். மரியாதையான பிள்ளை, பணிஸும் நல்ல பணிஸ்தான். எனக்குச் செற் கட்டியாயிற்று. முத்துப் போன்ற பல். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பிடிக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பாடினால் ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி வருகிறது. இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் நானாவுக்கு மருமகளின் போனில் பேசினேன்.

"பல்லு எப்பிடி அக்கா?"

"கேளுங்கோ" என்று சொல்லி இரண்டு அடி பாடிக் காட்டினேன். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"இப்ப எல்லாச் சொல்லும் விளங்குது," என்றார். குரலில் சந்தோசம் இருந்தது, ஆனால் முழுச் சந்தோசம் இல்லை. பிறகு பேச்சை மாற்றி, முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். கோயில் நிறையச் சனம். ரீச்சர் பக்கத்தில் நின்றார். இடுப்பிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மேல்வரிசைச் செற்றைக் கழற்றி, அதில் சுற்றி, ரீச்சரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். உதடு உள்ளே போனது. மூச்சை இழுத்துக்கொண்டு, மாதாவுக்காக அழத் தொடங்கினேன்.