கத்திய பெட்டியும் கலகலத்த காயும்

என் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை மேசை டிராயரில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் கிடக்கும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. வால்போல இரண்டு ஒயர். பழைய கம்ப்யூட்டர்களின் வயிற்றுக்குள் இருந்த ஸ்பீக்கர் அது. பாட்டுக்கெல்லாம் ஆகாது. சுவிட்சைப் போட்டதும் பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு, திரையில் எதுவும் வராவிட்டாலும், எங்கே வலிக்கிறது என்று இதன் வழியாகக் கத்திச் சொல்லும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் திரைக்குப் படம் அனுப்பும் கார்டு. விடாமல் நீளநீளமாகக் கத்தினால் மெமரி. குட்டையாக ஒரே ஒரு கத்தல் என்றால் சுகம். கத்தலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிறவன் என்று போடியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைப் பரப்பியவன் நான்தான். குரங்கணிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், வாசலில் லோடு லாரி ரிவர்ஸ் எடுத்தபோது அடித்த பீப் சத்தத்தைப் பெட்டியின் சத்தம் என்று நம்பி, நோயில்லாத ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டதை மட்டும் பரப்பவில்லை.

அந்தக் குமிழைப் பார்த்தாலே எனக்கு முதலாளியின் ஞாபகம் வந்துவிடும். என் முதலாளி அல்லர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஏலக்காய் வியாபாரி. சந்தேகம் அவருக்குக் குணமல்ல, தொழில். மூட்டையின் வாயில் இருக்கும் காயை ஏறிட்டும் பார்க்க மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு அடிக்காயை எடுப்பார். அதைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே அரிசி, அதாவது விதை, கலகலத்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தமில்லையென்றால் நமுத்தது. “காய் பொய் சொல்லாது அப்பு, ஆளுதான் சொல்லுவான்” என்பார். சொல்லிவிட்டு என்னையே பார்ப்பார்.

சாரல் விடாமல் அடித்த ஒரு மாதத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய அவருடைய கிட்டங்கிக்குள் நுழையும்போதே கம்ப்யூட்டர் கத்துவது கேட்டது. பக்கத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சிலமலையிலிருந்து தினமும் பஸ்சில் வந்து போகிறவர். அவருடைய கொழுந்தன் அந்த வாரம்தான் ஏலக்காய் விற்கும் எதிர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதலாளிக்குச் சந்தேகப்பட அது போதும்.

என்னை மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டுபோய், “ரிப்பேரு பெறகு பாத்துக்கிரலாம். எவ கெடுத்தாங்கிறத மொதல்ல சொல்லு. அவதான்னு தெரிஞ்சா இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் என் மண்டைக்குள் போலீஸ் ஜீப்பு வந்து நின்றுவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தேன். நேற்றுக் கடைசியாக எழுந்தது யார், பிளக்கைப் பிடுங்கியது யார், யாராவது வந்து போனார்களா என்று அக்காவைக் குடைந்தேன். அவரும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“தம்பி, மெசினு பாக்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா? இம்புட்டு விசாரிக்கிறீக. கத்துறது அது. அதக் கேளுங்க.”

மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். காதுவரை சூடேற, அப்போதுதான் ஒழுங்காகக் காது கொடுத்தேன். விடாத நீளக் கத்தல். மெமரி. குனிந்தபோது கண்ணில் பட்டது இன்னொன்று. காற்றாடட்டும் என்று பெட்டியின் மேல்மூடியை ஓரமாக விலக்கி வைத்திருந்தார்கள். மூடிமேல் படிந்திருந்த தூசியில் வட்டமாக ஒரு தட்டின் தடம். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் முதலாளியைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சொன்னால் நம்பப் போவது யார்?

உள்ளே மெமரி செருகும் பள்ளத்தில் ஏலத்தோல் தூளும் ஈரமும் சேர்ந்து பச்சைப் பசையாக அப்பியிருந்தது. அதை ஒட்டி முழுசாக ஒரு காய். ஏலத்துக்குப் போகிற சாம்பிள் காய் சாரலில் நமுத்துவிடாமல் இருக்கத் தட்டில் பரப்பிப் பெட்டியின் சூட்டில் வைத்திருக்கிறார்கள். கிட்டங்கியில் சாம்பிள் தட்டைத் தொடுகிற கை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் என் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நேராகச் சொன்னால், காயை நானே சட்டைப்பையிலிருந்து எடுத்தேன் என்பார். அதனால் காயை விரலில் பிடித்து, “முதலாளி, உங்க சந்தேகம் சரிதான். யாரோ வேணும்னே போட்டுருக்காங்க. எதிர்க்கடைச் சரக்கு போல. நமுத்த காயி” என்றேன்.

“கொண்டா.” வாங்கிக் காதோரம் குலுக்கினார். கலகலவென்றது. அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. “நமுத்த காயா? எவன்டா சொன்னது? கேளு! எந்தக் கடையில இந்தச் சத்தம் கேக்கும்? இது நம்ம தட்டுக் காயிடா!”

கிட்டங்கியில் சாக்கு ஊசிகள் நின்றன. அவர் கை மட்டும் காதோரம் இன்னும் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. பள்ளத்தைத் துடைத்து, மெமரியின் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினேன். பெட்டி குட்டையாக ஒரு தடவை கத்தித் திரையைக் காட்டியது. முதலாளி அக்காவின் பக்கம் திரும்பாமலேயே, “ஆத்தா, நின்டுக்கிட்டே இருந்தா எப்பிடி? வெரசாச் சோலியப் பாரு” என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய மன்னிப்பின் உச்சம் அது. அக்கா உட்காருமுன் மூடியை இழுத்து அழுத்தமாகப் பொருத்தினார்.

இப்போது வருகிற பெட்டிகளில் இந்தக் குமிழே இல்லை, எல்லாம் ஊமை. போன மாதம் முதலாளி தம் புதுப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி என் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். நோய் ஒன்றுமில்லை, சத்தம் போடவில்லை என்பதுதான் புகார். ‘ஊமையன நம்பி எப்பிடிச் சரக்க ஒப்படைக்கிறது?’ என்பது அவர் கேள்வி. டிராயரிலிருந்த குமிழை எடுத்து, போர்டில் அதற்கென்று நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முள்ளைத் தேடிச் செருகி, சுவிட்சைப் போட்டேன். குட்டையாக ஒரே ஒரு கத்தல்.

காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தவர், “என்ன சொல்லுது?” என்றார்.

“எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுது முதலாளி.”

முதலாளி நிமிர்ந்தார். பெட்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

“கேக்காமயே வந்து எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றான்னா, அங்கதான்டா அப்பு சந்தேகப்படணும். தெற அத.”