கரையேற்றிய படகில் ஏறிய கூட்டம்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். கயிறு இழுக்கப் படகேறினேன். இன்று எங்கள் பனிநாட்டுத் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் பயணிகள் படகே என்னுடையது. யார் தயவும் கிடையாது. ஆனால் இங்கே எழுதப்போவது யோருனைப் பற்றி.

மீன் ஆலையில் உறைபனிப் பெட்டி அடுக்கிக்கொண்டே கணினி வேலை கற்றவள் யோருன். சொந்தக் காலில் நிற்பதில் எனக்குச் சமம் என்று ஒத்துக்கொள்வேன். வாய் மட்டும் என்னைவிட நீளம். அவள் கணவன் கரையில் தச்சன். வாரக் கடைசியில் என் படகில்தான் வீடு வருவான். படகு ஓட அனுமதி தரும் நகராட்சி, குளிர்காலத்தில் அதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தது. நிறுத்தினால் வீட்டை விற்றுவிட்டுக் கரைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

அதனால் வாராவாரம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்தாள். வரைபடத்தில் வாரத்துக்கு ஒரு கம்பம், ஆள் கூடக்கூட அதன் உயரமும் கூடும். விரலால் தொட்டால் ஆள்கணக்கு வரும். எங்கள் ஊரில் தேதி சொல்லி யார் பேசுகிறார்கள்? பனிச்சறுக்கு விடுமுறை எட்டாவது வாரம், இலையுதிர் விடுமுறை நாற்பதாவது வாரம். பல் வைத்தியர்கூட வார எண்ணைத்தான் சொல்வார்.

நகராட்சிக் கூட்டத்துக்கு முந்தின நாள் காலை அவள் சமையலறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். புத்தாண்டுக் கம்பம் முழங்கால் உயரம்கூட இல்லை.

"புத்தாண்டுக்கு ஆளே இல்லையா? வெடிப்பெட்டிய கட்டிப்பிடிச்சு நின்னுகிட்டே வந்தாங்களே!"

"தெரியும் ஒட்வார். உக்காரு. என் கழுத்துல மூச்சு விடாத."

கம்பங்களை அகலமாக்கினாள். ஒன்றைத் தொட்டால் பக்கத்துக் கம்பத்தின் கணக்கு வந்தது. அதைச் சரிசெய்தாள். கைபேசியில் வார எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அதையும் சரிசெய்தாள். புத்தாண்டு மட்டும் எழவே இல்லை. ரொட்டிமேல் வைத்த பழுப்புப் பாலாடைக்கட்டி வியர்த்துக் கிடந்தது.

"நானா இருந்தா இதுக்குள்ள படகு எஞ்சினையே இறக்கி ஏத்தியிருப்பேன்."

"அப்ப வந்து இத இறக்கி ஏத்து. ஸ்பேனர் தரட்டா?"

என் கைபேசியில் படத்தை இடது கோடிவரை தள்ளினேன். அங்கே, அதற்கு ஒரு வருடம் முந்திய ஜனவரியின் முதல் வாரத்தில், தென்னை மாதிரி ஒரு கம்பம்.

"இது என்ன கூட்டம்? அந்த வாரம் அடிச்சாயம் பூச படகைக் கரையில ஏத்தி வெச்சிருந்தேன். மரக்கட்டை மேல நின்ன படகுல எவன் ஏறினான்?"

யோருன் எட்டிப் பார்த்தாள். பிறகு நெற்றியை மேசைமேல் முட்டினாள்.

"நாசமாப் போக! டிசம்பர் கடைசி ரெண்டு நாளும் திங்கள், செவ்வாய்; நம்ம கணக்குப்படி அது புது வருஷத்து ஒண்ணாவது வாரம். நான் வாரத்த ஒண்ணுன்னு எடுத்துட்டு, வருஷத்த மட்டும் தேதியில இருந்த பழசாவே விட்டிருக்கேன். அத்தனை பேரையும் ஒரு வருஷம் பின்னால கொண்டுபோய் இறக்கியிருக்கேன். காலைலேர்ந்து சும்மா சாயம் பூசிட்டிருந்திருக்கேன், ஒட்வார்!"

திருத்தியது ஒரே வரி. கம்பம் எழுந்தது. அவள் சிரிக்கவில்லை, அந்த ஒரு வரிக்காக முழுக் காலையும் போயிருந்தது.

மறுநாள் உறுப்பினர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தலைவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் யோசிக்கணும். ஒண்ணாவது வாரத்துல முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் படகு ஓடட்டும்."

யோருன் கையைத் தூக்கினாள். "எந்த வருஷத்து ஒண்ணாவது வாரம்னு குறிப்புல எழுதிக்குங்க."

ஒருவருக்கும் புரியவில்லை. திரும்பும் படகில் என் பக்கத்தில் நின்றாள்.

"கூரை ஒழுகுது. மாத்தட்டுமா, இல்ல வீட்ட வித்துடட்டுமா? சொல்லு."

இத்தனை வருடம் யாருக்கும் பதிலில்லாமல் நின்றவன் இல்லை நான்.

"ஒண்ணாவது வாரம் வரைக்கும் வாளி வை," என்றேன்.