மேடையில் ஒரு டம்ளர் ஏரித் தண்ணீர்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் யாரை நிறுத்தி "மைக்கம்மா வீடு எது" என்று கேட்டாலும் கையோடு கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். மைக்கம்மா என் அண்ணி, அண்ணனின் மனைவி. ஒலிபெருக்கி கட்டிய வேனில் தெருத் தெருவாகப் போய் அறிவிப்புச் செய்வது அவள் பிழைப்பு. வேனை ஓட்டுவது நான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வண்டியில் இத்தனை வருஷமாகச் சண்டை போடாமலா போகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. போடுகிறோம், மைக்கை அணைத்துவிட்டுப் போடுகிறோம் என்பேன்.

அண்ணியின் தொழிலில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. துணிக்கடைக்காரர் "உலகத் தரம்" என்று எழுதிக் கொடுத்தால் "நல்ல தரம்" என்று படிப்பாள். கடைக்காரர் தாம்தூம் என்று குதித்தால், "உலகத்தை நான் பாக்கலீங்க, உங்க துணியைத்தான் பாத்தேன்" என்பாள். போட்டி நடந்தாலும் திறப்பு விழா நடந்தாலும் வர்ணனைக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். மேடை தெரியாத தூரத்தில் நிற்கிறவர்களுக்கு நடப்பதை நடக்கிறபடியே சொல்லிக்கொண்டு வருவாள். ஒருமுறை ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதருக்குக் கத்தரிக்கோல் சரிப்படவில்லை. "கத்தரிக்கோல் வெட்டவில்லை, ஐயா இப்போது பல்லால் கடிக்கிறார்" என்று மைக்கில் சொல்லிவிட்டாள். அந்த விழாவுக்குக் கூலி வரவில்லை. ஊர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறான். அவன் ரத்தத்தை அந்த மெஷின் கழுவிக் கொடுக்கிறது. அப்படிப் படுத்து எழுந்து வந்தால்தான் அடுத்த இரண்டு நாள் அவன் மனிதன். அவனைக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் போக மிச்ச நேரத்தில்தான் எங்கள் வேன் ஊருக்குள் சுற்றும்.

இந்த வெயில் காலத்தில் ஏரி பச்சையாகிவிட்டது. கொஞ்சநஞ்சப் பச்சை இல்லை. கரையோரம் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி தடிமனான பாசி. தண்ணீர் குடித்த நாய்கள் அங்கேயே சுருண்டு விழுந்தன. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வீட்டுக் குழாயைத் திறந்தால் சேற்று வாடை அடித்தது, ஏனென்றால் ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான்.

காரணம் யாருக்கும் தெரியாததல்ல. நகரசபைத் தலைவரின் மச்சானுடைய கோழிப்பண்ணைகள் மேற்குக் கரையில் இருக்கின்றன. கோழிக் கழிவெல்லாம் கால்வாய் வழியாக நேரே ஏரிக்கு வந்து சேரும். கிழக்குக் கரையில் எதிர்க்கட்சிக்காரரின் வயல்கள், மூட்டை மூட்டையாக உரம் கொட்டி விளைவிக்கிறவை. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். ஏரிக்குள் மட்டும் இரண்டு பேரின் அழுக்கும் ஒற்றுமையாகக் கலந்து கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

தேர்தல் பக்கத்தில் வந்துவிட்டதால் நகரசபை பூசி மெழுகப் பார்த்தது. மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீர் வந்தால் வழக்கமாகச் சொல்லும் அறிவிப்பையே மறுபடி சொல்லச் சொன்னார்கள்: தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். அண்ணி சொன்னாள். ஊரும் அவள் பேச்சைக் கேட்டுக் காய்ச்சிக் குடித்தது.

அந்த வாரம் அண்ணனைக் கூட்டி வரப் போனபோது டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். வாட்டசாட்டமான பெண்மணி, எதற்கும் பதறாதவர். அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அது கிருமி இல்லம்மா, காய்ச்சினா சாகறதுக்கு" என்றார். "அந்தப் பாசி விஷம் கக்கும். காய்ச்சக் காய்ச்ச தண்ணிதான் வத்தும், விஷம் அப்படியே நிக்கும். நாம குடிச்சா வயிறாவது கொஞ்சம் தடுக்கும். இவங்களுக்கு அந்தத் தடுப்பே கிடையாது. மெஷின்ல ஓடுற தண்ணிக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிசு ஜவ்வுதான். எங்க ஃபில்டர் பழசு, அதை நம்பி நான் யாரையும் படுக்க வைக்க மாட்டேன்."

"அப்ப வெளியூர்லேருந்து லாரித் தண்ணி கொண்டு வரலாமே சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"கேட்டாச்சு. ஊர்த் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நகரசபை சொன்னாத்தான் லாரிக்கு அனுமதின்னு மேலிடத்துல கைய விரிச்சுட்டாங்க. நகரசபை நல்ல தண்ணிதான்னு சாதிக்குது. இன்னிக்கு வரைக்கும் தொட்டியில பழைய தண்ணி இருந்துது, ஓட்டிட்டேன். அடுத்த தடவைக்கு இல்ல."

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "அடுத்த தடவை வராம விட்டுட்டா?"

நர்ஸ் அண்ணனின் வீங்கிய கால்களைப் பார்த்தார். "அதுவும் கூடாதும்மா. உங்களுக்கே தெரியும்."

வேனில் ஏறியதும் அண்ணி, "நான்தானே காய்ச்சிக் குடிங்கன்னு ஊருக்கே சொன்னேன்" என்றாள். பின் இருக்கையில் அண்ணன் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தான். படுக்கவைத்தால் விஷம், படுக்கவைக்காவிட்டால் மூச்சு முட்டும்.

மறுநாள் தலைவரின் உதவியாளன் வீட்டுக்கு வந்தான். எப்போதும் சட்டைப்பையில் இரண்டு போன் வைத்துக்கொண்டு திரிகிறவன். "அக்கா, சாயங்காலம் ஏரிக்கரையில கூட்டம். எதிர்க்கட்சி வாய மூடணும்ல. தலைவரே எல்லார் முன்னாடியும் ஏரித் தண்ணிய மொண்டு குடிச்சுக் காட்டப் போறார். வர்ணனை நீங்கதான். உங்க குரல்ல கேட்டா ஊரு நம்பும்."

நான் துடைப்பத்தைத் தேடினேன். அண்ணி "வரேன்னு சொல்லு தம்பி" என்றாள்.

அவன் போன பிறகு நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு என்ன ஆச்சு அண்ணி? நாளைக்குக் காலையில எங்க அண்ணன அந்த மெஷின்ல படுக்க வைக்கணும். நீங்க போய் அந்தாளுக்கு ஜால்ரா போடப் போறீங்களா?"

"நீ வண்டிய எடு" என்றாள். வழி நெடுக நான் கியரை உடைக்கிற மாதிரி போட்டுக்கொண்டு போனேன்.

கரையில் நல்ல கூட்டம். முன்வரிசையில் தலைவரின் மனைவி, கட்சிக்காரர்கள். மேடை மேல் தலைவர், பக்கத்தில் நகரசபையின் சுகாதார அதிகாரி. அவர் தலை நிமிரவே இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டிகளை மேடையின் முன்னால் வைத்தோம். மைக் அவற்றுக்கு முன்னால் வந்தால் கூவும், காது கிழிந்துவிடும். அதனால் அண்ணி எப்போதும் மேடையின் பின் மூலையில்தான் நிற்பாள். உதவியாளன் தன் மேஜையையும் அதே மூலையில்தான் போட்டிருந்தான், கூட்டத்தின் கண்ணில் படக்கூடாது என்று. அண்ணி நிற்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அவளும் ஓர் ஒலிபெருக்கி.

படகுக்காரர் ஒருவர் எல்லோரும் பார்க்க எவர்சில்வர் குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு மேடைக்கு அனுப்பினார். அண்ணியின் குரல் கரை முழுக்கக் கேட்டது.

"குடம் மேடைக்கு வருகிறது. உதவியாளர் குடத்தை வாங்குகிறார். மேஜைக்குக் கீழே வைக்கிறார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுக்கிறார். மூடியைத் திருகுகிறார். பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றுகிறார்."

உதவியாளன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"டம்ளர் தலைவரின் கைக்குப் போகிறது. தலைவர் பாட்டில் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்."

குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது என்று எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு ஒரே சிரிப்பு, அதற்கு மேல் ஒரே கூச்சல். கட்சிக்காரன் ஒருவன் ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்க ஓடி வந்தான். நான் குறுக்கே நின்றேன். "வயரத் தொட்டா ஷாக் அடிக்கும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றேன். அடிக்காது. அவன் தொடவில்லை.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள். "கீழ இருக்குல்ல குடம், அதுல மொண்டு குடிங்க தலைவரே. எங்க பிள்ளைங்க அதத்தானே குடிக்குது."

தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டம்ளரைக் கவிழ்த்துக் கொட்டினார். குனிந்து குடத்தில் மொண்டார். டம்ளரின் விளிம்பில் பச்சை ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அண்ணி அதையும் சொன்னாள். அவர் டம்ளரை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

முன்வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றார். "வேண்டாங்க" என்றார். "குடிக்காதீங்க. குழாயத் தொடாதேன்னு வீட்டுல எங்கிட்ட நீங்கதானே சொன்னீங்க."

மைக் இல்லாமல் சொன்னதால் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அண்ணி தன் வேலையைச் செய்தாள். "குடிக்க வேண்டாம் என்கிறார் தலைவரின் மனைவி. குழாயைத் தொடாதே என்று தலைவர் வீட்டில் சொன்னதாகச் சொல்கிறார்."

தலைவர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதுவரை தலை நிமிராத சுகாதார அதிகாரி எழுந்துவந்து அண்ணியிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார். தண்ணீரில் விஷம் இருப்பது சோதனையில் தெரிந்துவிட்டது, யாரும் குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, காய்ச்சினாலும் பயனில்லை என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே போன உயிர் திரும்பி வந்த மாதிரி ஒரு பெருமூச்சு. மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

நகரசபை அதிகாரியே சொல்லிவிட்டதால் அனுமதி கிடைத்து, அன்றே லாரிகள் வந்தன. முதல் லாரி மருத்துவமனைக்குத்தான் போயிற்று என்று நர்ஸ் போனில் சொன்னபோது, வேனின் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். வயிற்றில் பால் வார்த்தார் மகராசி. பிறகு ராத்திரி வெகுநேரம் வரை ஊர் முழுக்கச் சுற்றி, காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனோம். அண்ணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. நிறுத்து என்றால் கேட்டால்தானே.

காலையில் நாங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது எதிர்க்கட்சிக்காரர் சால்வையோடு வாசலில் வந்து நின்றார். அவருடைய கூட்டத்துக்கு அண்ணி வந்து கோழிப்பண்ணையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். "வரேங்க. உங்க உர மூட்டையையும் சேத்துச் சொல்லலாமா?" என்று கட்டிய தொண்டையோடு கேட்டாள். சால்வை வந்த வழியே போனது.

டயாலிசிஸ் அறையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். லாரித் தண்ணீர்தான், நானே தொட்டியைக் கழுவி நிரப்பச் சொன்னேன் என்றார் நர்ஸ். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அவளைத் திட்டியது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணி, அந்தாளு மாட்டுவான்னு தெரிஞ்சுதான் போனீங்களா?"

"இல்லம்மா. அந்த உதவியாளன் பாட்டில் வெச்சிருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன எதுக்குப் போனீங்க?"

"எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல. நர்ஸ் ஒண்ணு சொல்றாங்க, நகரசபை ஒண்ணு சொல்லுது. ஊருக்கே தலைவர், அவரே குடிக்கிறாரான்னு பக்கத்துல நின்னு பாத்துடலாம்னு போனேன்."

"நிஜமாவே ஒரு வாய் குடிச்சிருந்தா?"

அண்ணி கையை நிறுத்தினாள். "நம்பியிருப்பேன். இவரக் கூட்டிட்டு வந்து, ஊர்த் தண்ணின்னாலும் பரவாயில்லன்னு சொல்லிப் படுக்க வெச்சிருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் ஊசி மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "ஒரு வாய் குடிச்சா அவருக்கு வாந்தி பேதியோட போயிருக்கும்" என்றார். "நாளைக்கே மேடையேறியிருப்பார்." அண்ணனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாய் குடிக்கத் தைரியமில்லாத மனிதரை நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாக மனசார நன்றி சொன்னேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"ரெண்டு பேரும் அங்க என்ன முணுமுணுக்கறீங்க?" என்றான். "முடியறதுக்கு இன்னும் எவ்வளவு நேரமாம்? எனக்குப் பசிக்குது."