அண்ணே, நீங்க கெளம்புங்க

என் மனைவிக்கு மறதி நோய். ஒரு மாலை, மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டில் அவளுக்குத் தேநீர் கொடுத்தேன்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் வர்ற நேரம். நீங்க கெளம்புங்க லா," என்றாள்.

நான்தான் அவர் என்று கல்யாணப் படத்தைக் காட்டினேன். நம்பவில்லை. கையைப் பிடித்தேன். அலறிக்கொண்டு சாலைக்கு ஓடிவிட்டாள். லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

இப்போது நான் வாதாடுவதில்லை. அவள் 'அண்ணே' என்றால், "சரிம்மா" என்று பின்வாசல் வழியாக வெளியேறுகிறேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் அப்படித்தான் அடிப்பேன். பெரும்பாலும் சிரித்தபடி கதவைத் திறப்பாள்.

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்து, "அவரு இன்னும் வரலண்ணே," என்றாள்.

நானும் அவருக்காக வாசலிலேயே காத்திருந்தேன்.