பர்மா டெய்லர் நிறுத்தம்

காஞ்சிபுரத்தில் என் மனைவி பார்வதி கன்னத்தில் தனக்கா பூசிக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டு அம்மாள் இன்றைக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். “எந்தக் கோயில் சந்தனம்மா? எனக்கும் துளி குடேன்.” மரப்பட்டை அரைத்த குழம்பு, பர்மாவில் வெயிலுக்குப் பூசுவது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டுதான் போகிறாள். ரங்கூனில் அதை அரைத்தது எங்கள் ஒரே மகள் செல்வி. பர்மியப் பள்ளி வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். பர்மா சர்க்கார் கடைகளைப் பிடுங்கிக்கொள்ள, நாங்கள் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் நின்றாள். “நெலம சரியானதும் வந்துடுறேம்மா” என்றாள்.

ரங்கூனில் இன்னும் இருக்கிற நீங்களும், எங்களோடு கப்பலில் வந்து மெட்ராஸில் பிளாட்பாரக் கடை போட்டிருக்கிற நீங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: போயும் போயும் காஞ்சிபுரத்துக்கா? ஏன் ஐயா, காஞ்சிபுரத்துக்கு என்ன குறைச்சல்? கல்யாணக்காரர்கள் பட்டெடுக்கக் கும்பலாக வருகிறார்கள், அப்படியே கோயில்களையும் பார்த்துவிட்டு இரண்டு நாள் தங்குகிறார்கள். அதற்குள் ரவிக்கை தைத்துத் தர ஆள் வேண்டாமா? அவர்களை நம்பித்தான் சித்தூர்க்காரர் ஒருவர் மெஸ் வைத்தார், வாலாஜாபாத்துக்காரர் அரிசிக்கடை வைத்தார், நான் தையல் மெஷினை இறக்கினேன். மெட்ராஸில் குடத்தோடு அடித்துக்கொள்ள வேண்டும். இங்கே வீட்டுக் கிணற்றில் தண்ணீர்.

இதெல்லாம் நான் ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மையான காரணம் பார்வதியுடையது. “மெட்ராஸ் வேணாங்க. அங்க நம்ம புள்ள வந்து எறங்கினா யாரைப் போய்க் கேக்கும்? சின்ன ஊருன்னா பேரைச் சொன்னாலே கொண்டாந்து விட்டுடுவாங்க.” இங்கே வாடகைக்கு வீடு கேட்டபோது வீட்டுக்காரர், “ரெண்டு பேர்தானேம்மா?” என்றார். “மூணு” என்றாள் இவள். அவர் இவள் வயிற்றைப் பார்த்து, “மவராசியா இரும்மா” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நாங்கள் திருத்தவில்லை.

அவள் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. கடைக்கு நான் வைத்த பெயர் செல்வி தையலகம். ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. பர்மா டெய்லர் என்றே ஆகி, பஸ்ஸும் கடையெதிரே நிற்கத் தொடங்கியது.

போன மாசி மாதம் ரங்கூன்காரர் ஒருவர் அந்த நிறுத்தத்தில் இறங்கி நேரே கடைக்குள் வந்தார். செல்வி சொல்லியனுப்பிய ஆள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பார்வதியிடம் சொல்லிவிட்டார்: “உங்க மகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கும்மா. இனிமே அதுதான் ஊருன்னு ஆயிருச்சு. வரமாட்டேன், எதிர்பாக்க வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு.” பாவி மகள், அதையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பார்வதி அழவில்லை. “எங்களைக் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சாங்க?” என்று கேட்டாள்.

“இல்லியேம்மா. பர்மாக்காரங்கன்னேன். கண்டக்டரே எறக்கிவிட்டாரு.”

“அப்படியா” என்றவள் அவருக்குச் சோறு போட்டாள். நான் மெஷினுக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதேன்.

இனி மெட்ராஸுக்கே போய்விடலாமா என்று மறுநாள் கேட்டேன். “அவ மனசு மாறி வந்தா?” என்று கேட்டுவிட்டுக் கொக்கி தைக்க உட்கார்ந்துவிட்டாள். இதை எழுதும்போதும் வெளியே பஸ் நிற்கிறது. “பர்மாலாம் எறங்கு! பர்மா!” என்று கண்டக்டர் கத்துகிறார். பார்வதி ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்கிறாள். விட்டுவந்த நாட்டின் பெயரைக் கேட்டு யார் யாரோ இறங்குகிறார்கள். எல்லோரும் பட்டெடுக்க வந்தவர்கள்.