மாறாத பேரு கேட்டவர்

கைக்குழந்தைச் சட்டையின் உட்புறத் தையலில் வைக்கும் வெள்ளை லேபிள் அது. கட்டைவிரல் அகலம்தான், நடுவே ஒரு க்யூஆர் கோடு. போனைக் காட்டினால் அந்தத் துணியின் நூல், சாயம், துவைக்கும் முறை சொல்லும் பக்கம் திறக்க வேண்டும். திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அந்தக் க்யூஆர் கோடு தயாரித்தவர் சிஸ்டம் பிரிவு அக்கா. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, குண்டடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவர்.

அச்சுக்குப் போகும் முன் மீட்டிங்கில் ஜி.எம்மிடம் மன்றாடினார். "சார், இதுல இருக்கறது ஃபைல் இப்ப இருக்கற எடந்தானுங்க. சர்வர் மாறுனா லேபிள் செத்துருமுங்க. ஒவ்வொரு மாடலுக்கும் மாறாத ஒரு பேரு வெச்சு, அதை அச்சடிக்கலாமுங்க. அந்தப் பேரு எந்த எடத்தைக் காட்டோணும்னு பொறகு நாமளே மாத்திக்கலாம்." இணையத்தில் ஒன்றைச் சுட்டுவதெல்லாம் அடையாளம்தான், இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரி அதில் ஒரு வகை, இன்னது என்று மட்டும் சொல்லும் பெயர் இன்னொரு வகை, பொருள் எங்கே போனாலும் அந்தப் பெயர் மாறாது என்று பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டுலயும் பக்கம் தொறக்குதில்ல? அப்பறம் என்னம்மா பாடம் நடத்தற?" என்றார் ஜி.எம். மீட்டிங்கே சிரித்தது. லேபிளில் முகவரியே அச்சானது.

பாதிச் சரக்கு கப்பலேறிய பிறகு, செலவு குறையுமென்று ஜி.எம்மே சர்வரை மாற்றினார். வெளிநாட்டுக் கடைகளில் ஒரு லேபிளும் திறக்கவில்லை. மிச்சச் சரக்கை எடுக்காமல், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் நிறுத்தி வைத்தார். ஜி.எம். தையல் மெஷின்களை அணைக்கச் சொல்லி, எல்லோர் முன்னும் அக்காவை நிறுத்தினார். "இவ போட்ட கோடு. இவளே பிரிக்கட்டும்." தைத்த துணியைச் சரிபார்த்து நூல் பிசிறு வெட்டும் செக்கிங் மேசையில் கத்தரியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். சட்டை சட்டையாக லேபிளைப் பிரித்ததில் விரல்கள் கொப்பளித்தன. மதிய இடைவேளைகளில் மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, புது லேபிளுக்கு அவர் முன்பு சொன்ன பெயர் முறையை அவரைக்கொண்டே செய்துகொண்டார்கள். பையர் வந்தபோது, "இது என் ஐடியா" என்றார் ஜி.எம். பக்கத்து மேசையில் அக்கா நூல் வெட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெட்டி போனதும் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கையில் கொடுத்த அனுபவச் சான்றிதழில் 'செக்கிங் உதவியாளர்' என்றிருந்தது.

"ஏனுங்க சார், இது நான் கடைசியா உக்காந்த எடமுங்க. நான் பாத்த வேலை இது இல்லீங்களே?"

"அங்கதானே இருந்த? அதான் போட்டிருக்கு" என்றார் ஜி.எம்.

இப்போது பல்லடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். சிஸ்டம் வேலைக்குத்தான் கேட்டுப் போனாராம். சான்றிதழைப் படித்துவிட்டுச் செக்கிங்கில் சேர்த்துக்கொண்டார்கள்.