வசம்பு தூவிய பெட்டி

கோவளத்தில் நாங்கள் பல்லாண்டு குடியிருந்த வீடு, கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. உப்புக்காற்று அங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. சாளரக் கம்பியும் விசிறியின் இறக்கையும் துருவேறும். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் எறும்பு குடியேறும். அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். என் மனைவியின் நுரையீரல் தளர்ந்து, நாளின் பெரும்பகுதியை உயிர்வளிக் கருவியோடு கழிக்க நேர்ந்த பிறகுதான், மருத்துவமனைக்கு அணித்தாக இருக்கட்டும் என்று ஊரப்பாக்கத்தில் தரைத்தள வீடொன்றைப் பார்த்தோம். வீட்டுக் காற்றை இழுத்து, அதிலுள்ள உயிர்வளியைப் பிரித்துக் குழாய்வழி மூக்குக்கு அனுப்பும் கருவி அது. அவள் அதை மிஷின் என்றே சொல்வாள்.

மின்பொருள்களைக் கட்டும் பொறுப்பை நானே ஏற்றேன். கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில் ஊர்விட்டு ஊர் மாறும்போதெல்லாம் என் நூல்களை ஓர் ஏடும் கிழியாமல் கொண்டுசென்றவன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. குளிர்பதனப் பெட்டியை முதல்நாளே நிறுத்தி, நீர் வடியவிட்டுத் துடைத்தேன். அதைக் கிடத்தக்கூடாது, சென்றவுடன் இயக்கவும் கூடாது என்பதை அறிந்திருந்தேன். தொலைக்காட்சியின் திரையைப் பழைய நூற்புடவையால் சுற்றி நிற்கவைத்தேன். எந்தக் கம்பி எங்கே செருகப்பட்டிருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுமாறு பக்கத்து வீட்டார் கூறினர். நான் துண்டுத்தாள்களில் எழுதிவைத்தேன். ஒரு கணினிக்கே நான்கு தாள் ஆயிற்று.

இறுதியாக, ஒவ்வொரு பெட்டியிலும் வசம்புத்தூள் தூவினேன். நூலடுக்குகளில் பூச்சி அண்டாதிருக்க நாற்பது ஆண்டுகளாக நான் செய்துவருவது அது. எறும்பு புகுந்து முன்பு ஒரு தொலைக்காட்சி கெட்டதுண்டு. ஆகவே இதில் எனக்கு ஐயமே எழவில்லை. உயிர்வளிக் கருவியைச் சாயாமல் நிறுத்தி, கம்பளியால் போர்த்தி, மடிப்புகளில் மற்றவற்றைவிடத் தாராளமாகவே தூவினேன்.

சாமான்கள் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. என் மனைவி பக்கத்து வீட்டார் காரில், கையடக்கமான ஓர் உயிர்வளி உருளையோடு புறப்பட்டாள். அவளுடைய அளவுக்கு அது நான்கு மணிநேரம் வரும் என்று உருளை தந்த கடைக்காரர் கூறியிருந்தார். வண்டலூர்ச் சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். நாங்கள் சென்று சேர்ந்தபோது உருளையின் அளவுமுள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டார் அவளை இறக்கிவிட்டு அப்போதே திரும்பிவிட்டனர்.

முதலில் கருவியைத்தான் பிரித்தோம். செருகி இயக்கியதும் வழக்கமான இரைச்சல் கேட்டது. சிறிது நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது, பின்பு சிவப்பு. கருவி விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது. புதுவீட்டுக் கூடம் முழுவதும் வசம்பு மணம். மனைவி கருவியின் குழாயைக் கழற்றிவிட்டு உருளையின் குழாயை மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

"இதுக்குள்ளயுமா வசம்பு போட்டீங்க?" என்றாள்.

எறும்புக்காக, என்றேன்.

"அது இன்னா உங்க புஸ்தகமாங்க? காத்த இழுக்குற மிஷின் அது."

வண்டியோட்டி என்னைவிடச் சற்றே இளையவர். கருவியின் பின்புறம் குனிந்து பார்த்தவர், சிரிப்பை அடக்க முயலவேயில்லை. "கொயந்தைக்கு வயித்துவலின்னா வசம்பு வெப்பாங்க. மிஷினுக்கு இன்னா சார் வந்துச்சு?"

கடைக்காரரிடம் பேசினேன். மாலைக்கு முன் வேறு உருளை அனுப்ப இயலாது என்றார். அவர் சொன்ன கணக்கின்படி எங்களிடம் இருந்ததோ ஒன்றரை மணிநேரக் காற்று.

என்ன செய்யவேண்டும் என்பதை மனைவிதான் சொன்னாள். பின்பக்கம் ஒரு கறுப்புப் பஞ்சு இருக்கும். அதைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டவேண்டும். ஈரத்தோடு மாட்டினால் உள்ளே நீர் புகுந்து கருவியே கெட்டுவிடும். இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஞாயிறுதோறும் தானே கழுவிவந்ததாகச் சொன்னாள். இரண்டு ஆண்டுகளாக அதே அறையில் அமர்ந்து படித்தும் எழுதியும் வந்திருக்கிறேன். அந்தக் கருவிக்குப் பஞ்சு ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது.

பஞ்சைக் கழற்றினேன். மாவு பூசியதுபோல் வசம்புத்தூள் அப்பியிருந்தது. அதற்கும் உள்ளே இருந்த வெண்ணிற வடிகட்டியை வண்டியோட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதில் ஒன்றும் ஏறவில்லை என்றார். மூன்று நீரில் அலசினேன். உலர்த்துவதற்கு விசிறி இல்லை. மூன்று விசிறிகளையும் கழற்றி, இறக்கை இறக்கையாகத் தாள் சுற்றி, கயிற்றை அறுக்கவே நேரம் பிடிக்கும்படி நானே கட்டியிருந்தேன். வண்டியோட்டி பஞ்சைத் துண்டில் வைத்து அழுத்திப் பிழிந்தார். பிறகு நடுப்பகல் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த தம் வண்டியின் கூரைமீது என் வேட்டியொன்றை விரித்து, அதன்மேல் பஞ்சை வைத்தார்.

நான் உருளையின் முள்ளுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். முள் சிவப்புப் பகுதியைத் தொட்டபோது, மருத்துவமனைக்கே சென்றுவிடலாமா என்று கேட்டேன். அவள் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். பேச்சைக் குறைத்திருந்தாள்.

"முள்ளயே பாத்துகினு இருந்தா நின்னுடுமா? போய் மிஷின தொடைங்க."

ஏடுகளில் தூசு தட்டும் தூரிகையால் கருவியின் துளைகளை ஒவ்வொன்றாகத் தூய்மை செய்தேன். அரைமணி கழித்து வண்டியோட்டி பஞ்சைக் கொண்டுவந்தார். நான் வாங்குமுன் அவளே கைநீட்டி வாங்கி, கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினாள். எனக்கு அப்போது அவள்மேல் சினமே வந்தது. ஆனால் பஞ்சு உண்மையில் நடுவில் ஈரமாகத்தான் இருந்தது.

இரண்டாம் முறை ஒப்புக்கொண்டாள். மாட்டி இயக்கினோம். மஞ்சள் விளக்கு சில நிமிடம் எரிந்தது. பிறகு பச்சை எரிந்தது. அவள் குழாயை மாற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். உருளையில் ஏறக்குறைய ஒன்றும் மீதமில்லை. வண்டியோட்டி, தூள் உள்ளே பறக்காதிருக்க எஞ்சிய பெட்டிகளை எல்லாம் வாசலிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டு, குளிர்பதனப் பெட்டியை இறக்கப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடையிலிருந்து வந்த புது உருளையை மாட்டிக்கொண்டு அமர, பஞ்சை நான் கழுவினேன். அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிழிந்தது போதாது என்றாள்.